அத்தைக்கென்று வைத்திருந்த ஏரோப்பிளேன் பெட்ரோல்

தங்காக்,
1936, வைகாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள கிருஷ்ணம்மா அத்தைக்கு, உங்கள் அண்ணன் அய்யாவுவின் மகள் சந்திரமதி வணங்கி எழுதுவது. இங்கே அப்பாவின் காரைத் தவிர எல்லாரும் நலம். பெக்கோக்கில் நீங்களும் மாமாவும் மற்றவர்களும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நான் நாலாம் வகுப்போடு நின்றவள், பெரியவர்களுக்கு எழுதிப் பழக்கமில்லை. அப்பா எழுத வெட்கப்படுகிறார், அம்மாவுக்கு எழுதத் தெரியாது, அதனால் நான் எழுதுகிறேன்.

எனக்குப் பரிசம் போட வந்த உங்களைச் சிகாமட் ஸ்டேஷனிலிருந்து ஏற்றி வந்த அப்பாவின் வாடகைக் கார் ரப்பர் காட்டு நடுவே நின்றதும், நல்ல நேரம் அங்கேயே கழிந்ததும், நீங்கள் தாம்பாளத்தோடு மாட்டு வண்டியேறித் திரும்பியதும் நீங்கள் அறிந்ததே. "பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா வீட்டுலயே சொல்லியிருக்கலாம்ல அண்ணே, நடுரோட்டுல நிறுத்தியா சொல்லணும்?" என்று நீங்கள் கேட்டதைச் சொல்லிச் சொல்லி அப்பா மாய்கிறார். அத்தை, அது இஷ்டமில்லாமல் நின்ற கார் அல்ல. இஷ்டம் மிஞ்சி நின்ற கார்.

போன மாதம் மூவார் திடலில் ஒரு ஏரோப்பிளேன் இறங்கியது, அதை ஓட்டி வந்த துரையை அப்பாதான் காரில் ஏற்றிச் சுற்றினார், போகும்போது துரை மிச்சமிருந்த ஒரு தகரம் பெட்ரோலைக் கொடுத்துவிட்டு காரைக் காட்டிக் காட்டி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாராம், கும்பிட வேண்டாம் என்கிறார் போலும் என்று அப்பா இன்னொரு தரம் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து தகரம் சந்தனம் குங்குமத்தோடு சாமி மாடத்தில் இருந்தது. "சவாரிக்காரனுக்கு ஒரு சொட்டு கெடையாது, என் தங்கச்சி பரிசம் கொண்டாரப்பதான்" என்றார். தீப்பிடிக்குமென்று அம்மா விளக்கே ஏற்றவில்லை. "சாமி இருட்டுல கெடக்கு, பெட்ரோலு பவுசா இருக்கு" என்று முனகிக்கொண்டே சமைப்பாள்.

பரிசத்தன்று பாதித் தகரத்தை ஊற்றிக்கொண்டுதான் உங்களை ஏற்ற வந்தார். கார் பறந்துவிடுமென்று நிஜமாகவே பயந்துதான் உங்களை முந்தானையை இறுக்கிச் சொருகச் சொன்னதும், மாமாவின் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைக்கச் சொன்னதும். கேலி செய்யவில்லை, அத்தை. ஆனால் கார் இருமியது, நின்றது. பட்டறைக்காரர் காளியப்பன் எஞ்சினில் தீப்பொறி போடும் பிளக்கைக் கழற்றிக் காட்டி, "ஏரோப்பிளேன் எஞ்சின் பெட்ரோல ரொம்ப இறுக்கி அமுக்கும் அய்யாவு, அதைத் தாங்கத்தான் மருந்து கலந்திருக்கான். ஒன் கிழட்டு வண்டி எங்க அமுக்குது? மருந்து பூரா பிளக்குல அப்பிக்கிச்சு. இதுக்கு சாதா பெட்ரோலே போதும்லா" என்றாராம்.

எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அம்மா என் புடவையை வாங்கி மடித்தபோது தலையில் பூகூட வாடவில்லை. உங்களோடு வந்து காரைத் தள்ளியதில் அத்தானுக்குக் கை கன்றிப்போனதாக அப்பா சொன்னார். அதைப் பற்றி நான் கேட்கக் கூடாது. விளக்கெண்ணெய் தடவினால் ஆறும் என்று மட்டும் எழுதுகிறேன்.

கோபத்தை மறந்து அடுத்த வெள்ளிக்கிழமை தாம்பாளத்தோடு வாருங்கள். பிளக்கெல்லாம் மாற்றியாயிற்று. மிச்சத்தைக் கொட்டிவிட்டதாக அப்பா சொல்கிறார். ஸ்டேஷனில் கார் காத்திருக்கும், பயமில்லாமல் ஏறலாம். மாமாவுக்கும் உங்களுக்கும் என் நமஸ்காரம். சின்னவர்களுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள் (இப்போதைக்கு வேறெப்படிப் போடுவதென்று தெரியவில்லை),
சந்திரமதி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் பார்த்தேன், அம்மா இன்றும் விளக்கேற்றவில்லை. மாடத்தில் மீதிப் பாதித் தகரம் புதுக் குங்குமத்தோடு இருக்கிறது. தங்கச்சி வரும்போது மட்டமானதை ஊற்ற அப்பாவுக்கு மனசு வரவில்லையாம். அத்தை, தயவுசெய்து பஸ்ஸில் வந்துவிடுங்கள். அத்தானும் வரட்டும், தள்ளுவதற்கு அல்ல.