வெடிக்குப் பயந்தவர்களின் உலகக் குழு

எனக்கு வெடி என்றால் பயம். சாதாரணப் பயமில்லை, பொட்டு வெடிக்கே பதறுகிற ரகம். விருதுநகரில் எண்ணெய்க் கடைக்காரர் மகளாக இருந்தவரை இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி முதலாளி வீட்டுக்கு மருமகளாக வந்த பிறகுதான் இது தேசத்துரோகத்துக்குச் சமம் என்று புரிந்தது.

தாலி கட்டியதும் மண்டப வாசலில் கால் மணி நேரம் சரம் வெடித்தார்கள். நான் கண்ணீர் வடித்ததைப் பார்த்த மாமனார், "பெறந்த வீட்டை நெனச்சு அழுவுது, பாசக்காரப் பிள்ள" என்றார். (இவ்வளவு நல்ல பெயரைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்?)

வீட்டில் சொல்ல முடியாததை இணையத்தில் சொல்லலாமே என்று ஒரு குழு ஆரம்பித்தேன். வெடிச் சத்தத்துக்குப் பயந்தவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்ள. நாலு பேர் வருவார்கள் என்று பார்த்தால் பிரேசில், பெரு, ஜப்பான் என்று குவிந்துவிட்டார்கள். 'பயப்படாதீர்கள், நான் இருக்கிறேன்' என்று தினமும் எழுதுவேன். எந்த ஊர் என்று கேட்டால், 'தென்னிந்தியாவில் மழை குறைந்த, அமைதியான ஊர்' என்பேன். மழை குறைவு என்பது மட்டும் உண்மை.

குழுவில் எனக்கு ரொம்ப நெருக்கம் நெதர்லாந்து அன்னெக்கா. ஓய்வு பெற்ற டீச்சர். புத்தாண்டு பிறக்கும்போதெல்லாம் நாயோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவர். எட்டு மாதம் எழுத்தில் மட்டுமே பேசியவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ கூட்டத்தில் முகம் காட்டிப் பேசச் சம்மதித்தார். 'சின்னச் சத்தம் கேட்டாலும் போய்விடுவேன். திரும்பி வரமாட்டேன்' என்றார். அது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன்.

அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தபோது மாமனார் எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா இம்புட்டுப் பேரு?"

"நம்ம குரூப்பு மாமா. உலகம் பூராவும் இருந்து வந்திருக்காங்க."

"என்னத்தப் பத்திப் பேசுவீக?"

உண்மையைச் சொல்லவும் பயம், பொய் சொல்லவும் வரவில்லை. "வெடியப் பத்தித்தான் மாமா" என்றேன்.

மனிதர் பூரித்துப் போனார். "கேட்டியா? நம்ம மருமக உலகத்துக்கே வெடியப் பத்தி எடுத்துச் சொல்லுதா!" என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டே வெளியே போனார். எங்கள் பக்கம் மதிப்பான ஆள் வந்தால் மாலைகூட அப்புறம்தான். வாசலில் சரம் வெடிக்காமல் வரவேற்பது மரியாதை ஆகாது. இது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

அன்னெக்கா நடுங்கிய குரலில், "எனக்கு ஏழு வயதில்..." என்று ஆரம்பித்தார். வாசலில் பத்தாயிரம் வாலா பற்றிக்கொண்டது.

உலகத்துக்கே தைரியம் சொன்ன தலைவி, நாற்காலியைத் தள்ளிவிட்டு மேசைக்கு அடியில் புகுந்தாள். போகிற போக்கில் வாழைப்பழக் கூடையை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

ஒருவழியாகச் சத்தம் ஓய்ந்தது. புகைக்குள்ளிருந்து வந்த மாமனார் திரையைப் பார்த்துக் கும்பிட்டார். "வாங்க, வாங்க. எல்லாரும் சாப்பிட்டீகளா?" பிறகு குனிந்தார். "ஏம்மா, கீழ என்ன தேடுத?"

எனக்கு அழுகை பீறிட்டுவிட்டது. "வெடின்னா எனக்குப் பயம் மாமா. இவங்களும் பயந்தவங்கதான். அதுக்குத்தான் இந்தக் குரூப்பே."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "மூணு வருசமா ஒரு வார்த்த சொல்லலயே தாயி."

கூடையோடு எழுந்தேன். விரல் பழக்கத்தில் மைக்கைத் திறந்தது. ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்தேன். என் ஊர் அமைதியான ஊரே இல்லை, எங்கள் குடும்பத் தொழிலே பட்டாசுதான், நீங்கள் கேட்ட பயங்கரச் சத்தம் என் மாமனார் உங்களுக்குச் செய்த மரியாதை, இத்தனை நாள் பொய் சொன்னதற்கு மன்னியுங்கள்.

அன்னெக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எந்தச் சத்தம்?"

ஒருவர் பேசும்போது மற்றவர்கள் தங்கள் மைக்கை அடைத்து வைக்கவேண்டும் என்பது நானே போட்ட விதி. நானும் அடைத்துத்தான் வைத்திருந்தேன். அவர்கள் கண்டதெல்லாம் தலைவி காணாமல் போனது, கொஞ்சம் புகை, வேட்டி கட்டிய ஒரு பெரியவர், அப்புறம் கூடையோடு நான். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்றைக்கும் அமைதியான ஊரில் வாழ்ந்துகொண்டிருப்பேன்.

பொய்க்காரி என்று சிலர் அன்றே விலகினார்கள். நியாயம்தான், வலித்தாலும். அன்னெக்கா போகவில்லை. "நீ என்னைவிட மோசம் என்று தெரிந்ததும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது" என்றார். எட்டு மாதமாக நான் பக்கம் பக்கமாக எழுதிய ஆறுதலால் ஆகாத காரியம்.

மாமனாருக்குத்தான் மனசு ஆறவில்லை. என் கணவரை நச்சரித்துக் குழுவில் சேர்ந்துகொண்டார். பக்கத்து நாரணாபுரத்தில் இருக்கும் எங்கள் கம்பெனியில் சாம்பிள் வெடித்துப் பார்ப்பதற்கு முந்தின நாள் அவருடைய குரல் செய்தி வந்துவிடும். "வணக்கம். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு இங்கன சாம்பிள் போடுதோம். எல்லாரும் காதுல பஞ்சு வச்சுக்கோங்க." நான் மொழிபெயர்த்துப் போடுவேன். பெருவிலிருந்து நன்றி வரும். அன்னெக்கா விடிகாலையில் அலாரம் வைத்து எழுந்து நாயின் காதைப் பொத்துகிறாராம். நாரணாபுரத்துச் சத்தம் நெதர்லாந்துக்குக் கேட்காது என்று நான் யாருக்கும் விளக்கப் போகவில்லை. விளக்கிப் பட்டது போதும்.

இப்போது எங்கள் வீட்டில் அத்தை மிக்ஸியில் கை வைத்தாலே யாராவது ஒருவர் கேட்பார்: "நெதர்லாந்துக்குச் சொல்லியாச்சா?"

போன வாரம் நான் கேட்டேன். அத்தை திரும்பிக்கூடப் பார்க்காமல், "அதெல்லாம் அப்பவே சொல்லிட்டேன்" என்றார். சந்தேகப்பட்டுக் குழுவைத் திறந்தேன். மாமனாரின் போனிலிருந்து அத்தையின் குரல் செய்தி இருந்தது. "சட்னி அரைக்கப் போறேன். ரெண்டே நிமிசம், யாரும் பயப்படாதீக."

அதை என் கணவர் மொழிபெயர்த்தும் போட்டிருந்தார். அதற்குக் கீழே, ஜப்பானிலிருந்து ஒருவர் முடிந்துவிட்டதா என்று கேட்டிருந்தார்.