அர்ஜென்டினாவும் ஐந்து தலைவர்களும்

தான் ஒருநாளும் பார்க்காத, இனியும் பார்க்கப்போகாத ஒரு நாட்டின் கடனுக்காகச் சோறு இறங்காமல் தவித்த மனிதர் விருத்தாசலத்தில் ஒரே ஒருவர்தான். அவரை நாங்கள் அர்ஜென்டினா என்று அழைத்தோம். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அதை மாதம் ஒருமுறை எழுதியவன் நான்தான், இருந்தும் எழுதுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் இரண்டு நொடி யோசிக்க வேண்டியிருந்தது.

நாங்கள் இருவரும் பீங்கான் பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தோம். ஃப்யூஸ் கட்டையும் ஊறுகாய் ஜாடியும் செய்கிற கம்பெனி. அவர் சூளையில் சரக்கு அடுக்குபவர். நான் கிளார்க். மாதா கோயில் சாமியார் படித்து முடித்த இங்கிலீஷ் பேப்பரை, இரண்டு நாள் பழசாக, அவர் வாங்கி வந்து அகராதியோடு உட்கார்ந்து படிப்பார். முதலில் கால்பந்துக்காகத்தான் அந்த நாட்டைத் தேடினார். 2001 கடைசியில் ஒருநாள் விளையாட்டுப் பக்கத்தில் அது இல்லை, முதல் பக்கத்தில் இருந்தது. பேங்கில் ஜனங்கள் போட்ட பணத்தை அவர்களே எடுக்க முடியாதாம்.

மறுநாள் காலை என் ஜன்னலுக்கு வந்தவர் கண் சிவந்திருந்தது. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"அத வுடுங்க சார். ஒரு பெசோன்னா ஒரு டாலருன்னு சட்டமே போட்டு வெச்சிருந்தாங்க. பத்து வருசமா டாலரா கடன் வாங்கி அந்தச் சட்டத்தக் காப்பாத்தியிருக்காங்க. இப்ப டாலரு இல்ல. சட்டம் மட்டும் இருக்குது."

அன்றிலிருந்து பேட்டை முழுவதற்கும் அந்த நாட்டு நிலவரம் தெரிந்தது. டீக்கடையில் அவர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுவார், டீ ஆறிப்போகும். நம் ஊரில் ஜனாதிபதி கையெழுத்துப் போடுபவர், அங்கே ஜனாதிபதிதான் எல்லாம். அப்படிப்பட்டவரே அரண்மனைக் கூரையிலிருந்து ஹெலிகாப்டர் ஏறிப் போய்விட்டார். ஜனங்கள் தெருவில் இறங்கிப் பாத்திரத்தைத் தட்டுகிறார்கள். இரண்டு வாரத்துக்குள் ஐந்து பேர் அந்த நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்துவிட்டார்கள். "ஜனாதிபதி நாற்காலியா, மியூசிக் சேரா?" என்று டீ மாஸ்டர் கேட்டார். அர்ஜென்டினா அவரோடு நான்கு நாள் பேசவில்லை.

எங்களுக்கு அதெல்லாம் தமாஷாகத்தான் இருந்தது, எங்கள் சம்பளம் நிற்கும் வரை. தை மாதம் முடியும்போது இரண்டு மாதப் பாக்கி. முதலாளி நல்ல மனிதர்தான். சரக்கு வாங்கியவர்கள் அவருக்குப் பணம் தரவில்லை, அவர் எங்களுக்குத் தரவில்லை.

என் வீட்டில் தகரப் பெட்டிக்குள் இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் இருந்தது. மகளின் ஆசிரியர் பயிற்சிக்கான கட்டணம். மாசி கடைசிக்குள் கட்ட வேண்டும். தினம் காலையிலும் மாலையிலும் அதை எண்ணினேன். எண்ணுவதால் குறையாது என்று மனைவி சொன்னாள், கூடவும் கூடாது என்று நான் சொன்னேன். அரிசிக்கும் பாலுக்கும் அந்தப் பெட்டியைத் திறந்தால் மகள் படிப்பு போச்சு. எனக்கிருந்த கவலை அது ஒன்றுதான்.

அப்போதுதான் அர்ஜென்டினா திட்டத்தோடு வந்தார். அந்த நாட்டில் கையில் காசில்லாத ஜனங்கள் சங்கம் வைத்து, தாங்களே சீட்டு அச்சடித்து, அதைக் கொடுத்து வாங்கிப் பிழைக்கிறார்களாம். நாமும் செய்வோம் என்றார். காகிதம் மழையில் நனையும், நம்மிடம்தான் சூளை இருக்கிறதே. கருவேப்பிலங்குறிச்சியில் அவருக்கு அரைக் காணி இருந்தது. அந்தப் போகத்தில் அவர் பங்காக வந்த அரிசி முந்நூறு படி. அதை ஈடாக வைத்து முந்நூறு பீங்கான் வில்லைகள். ஒரு வில்லைக்கு ஒரு படி அரிசி. இருபது வீட்டுக்கு ஆளுக்குப் பதினைந்து. பால்காரம்மா, முடிதிருத்துபவர், தையல்காரர் எல்லோரும் சங்கத்தில் சேர்ந்தார்கள். சம்பளம் வந்ததும் ஒவ்வொருவரும் பதினைந்து படியைத் திருப்பித் தர வேண்டும்.

முந்நூற்று நாற்பத்தொரு வில்லைகளைச் சுட்டோம். நாற்பத்தொன்றில் மெருகு கொப்புளித்துவிட்டது. அவற்றை உடைத்துப் போடும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். பேட்டையிலேயே கணக்குச் சுத்தமான ஆள் நான்தானாம்.

சங்கத்துக்குத் தலைவராக இருக்க அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அரிசி வைத்திருப்பவனும் அதிகாரம் வைத்திருப்பவனும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்றார். முதல் தலைவர் சூளை மேஸ்திரி. விடிவதற்குள் வாசலில் கடன் கேட்டு ஆள் நிற்பதைப் பார்த்து மூன்றாம் நாளே விலகினார். இரண்டாமவர் தையல்காரர். தன் பாக்கியை எல்லாம் முதலில் வசூல் செய்துகொண்டு ராஜினாமா செய்தார். மூன்றாமவரான முடிதிருத்துபவர் மாசி மகத்துக்கு வீட்டுக்குப் பத்து வில்லை போனஸ் என்று அறிவித்து, இருநூறு வில்லைகளைப் புதிதாகச் சுட வைத்தார். அவருக்கு மாலை போட்டார்கள். அர்ஜென்டினா மட்டும் அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரமே பாலுக்கு இரண்டு வில்லை, சட்டை தைக்க ஏழு என்று ஏறியது. போனஸ் மட்டும் காரணமில்லை. ஊரெல்லாம் சூளை இருக்கும் இடத்தில் பீங்கானில் பணம் அடித்தால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு படித்தவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவு எண்ணுகிற எனக்கும் தோன்றவில்லை. அடுத்த தெருவிலிருந்து வில்லைகள் வர ஆரம்பித்தன. போலிதான் எங்களுடையதை விட நன்றாக இருந்தது. விளிம்பு வழவழப்பு, மெருகில் ஒரு சின்னக் குறைகூட இல்லை. அசல் வில்லையோடு போன ஒருவரை, வேலைப்பாடு மோசமாக இருக்கிறதே, இது போலி என்று பால்காரம்மா திருப்பி அனுப்பிவிட்டார்.

நான்காமவர் பொம்மைக்கு வர்ணம் பூசுபவர். எல்லார் வீட்டுக்கும் பால் இலவசம் என்று சொல்லிப் பதவிக்கு வந்தார். பால்காரம்மாவை அவர் கேட்கவில்லை. மறுநாள் பால்காரம்மா அவரைக் கேட்டார். அங்கே ஹெலிகாப்டர், இங்கே பெண்ணாடம் பஸ்; மாமியார் வீட்டுக்குப் போனவர் ஒன்பது நாள் கழித்துத்தான் திரும்பினார். ஐந்தாவது தலைவராக என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அதுவரை பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

மறுநாள் காலை ஜனங்கள் வில்லைக்கு அரிசி கேட்டு அர்ஜென்டினா வீட்டு வாசலுக்குப் பாத்திரத்தோடு வந்து தட்டினார்கள். அதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அவசரத்தில் ஒருவர் எங்கள் கம்பெனி ஊறுகாய் ஜாடியையே எடுத்துவந்து கரண்டியால் ஓங்கித் தட்டினார். ஜாடி உடைந்தது. அதற்கும் சங்கம் ஒரு வில்லை தர வேண்டும் என்றார்.

அந்த நாடு செய்ததையே நாமும் செய்துவிடலாம், கொடுக்க முடியாது என்று அறிவித்துவிடலாம் என்று நான்தான் அர்ஜென்டினா காதில் சொன்னேன். தலைவர் என்ற முறையில்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவங்க முடியாதுன்னு சொன்னது கடல் தாண்டி இருக்கறவனுக்குங்க. நாம எதுத்த வூட்டுக்குச் சொல்லணும். எப்படி சார் சொல்றது?"

வாசலில் மேஜை போட்டோம். நான் எழுத, அவர் அளந்து கொடுத்தார். வந்தவை எண்ணூற்றுப் பதினொரு வில்லைகள், அதில் அசல் ஐந்நூறு. முந்நூறு படி அரிசி மத்தியானத்துக்குள் தீர்ந்தது. சைக்கிளையும் ரேடியோவையும் விற்று, அடுத்த போக நெல்லுக்கு முன்பணம் வாங்கி, மூன்று நாளில் மிச்சத்தையும் அளந்து கொடுத்தார். போலியைத் தனியே பிரிப்போம் என்று முதல் நாளே மேஸ்திரி சொல்லிப் பார்த்தார்.

"எந்தச் சூளையில வெந்தா என்னங்க. கையில வாங்கினவங்க அரிசின்னு நம்பித்தான வாங்கினாங்க."

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மெருகு கொப்புளித்த நாற்பத்தொரு வில்லைகளை நான் உடைக்கவில்லை. உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, நாற்பதைப் பாலுக்கும் பருப்புக்கும் கொடுத்துவிட்டேன். தகரப் பெட்டி மூடியே இருந்தது. கட்டணமும் கட்டியாயிற்று. இப்போது அந்த வில்லைகள் ஒவ்வொன்றாக மேஜைக்கு வந்தன. கொப்புளம் இருந்த இடத்தில் அவர் கட்டைவிரல் ஒவ்வொரு முறையும் ஒரு நொடி நின்றது. பிறகு படி அரிசிக்குள் இறங்கியது. என் பேனா மூன்று இடத்தில் காகிதத்தைக் கிழித்தது.

எல்லோரும் போன பிறகு படியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"ரிஜெக்ட்டு நாப்பத்தொண்ணு சார். நாப்பதுதான் வந்துருக்குது. ஒண்ணு உங்ககிட்டயே இருக்குதா?"

"இருக்குது."

"பாப்பாவுக்கு பீஸு கட்டியாச்சா?"

"கட்டியாச்சு."

"அப்ப சரிங்க," என்றார். கை கழுவப் போய்விட்டார்.

பங்குனியில் சம்பளப் பாக்கி வந்தது. இருபது வீட்டில் பதினேழு வீடு பதினைந்து படியைத் திருப்பிக் கொடுத்தது. மிச்ச மூன்று வீட்டை எழுதி வைக்க அவர் என்னை விடவில்லை. நான் என் பதினைந்தோடு நாற்பது படியைச் சேர்த்துச் சுமந்து போனேன். அவர் மறுக்கவில்லை, பெருந்தன்மையாக எதுவும் பேசவுமில்லை. படி தலை தட்டி ஐம்பத்தைந்தையும் அளந்து கொட்டிக்கொண்டார். அதற்காகவும் அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். சில மாதம் கழித்துப் பேப்பரை நீட்டினார். அங்கேயும் அந்தச் சங்கங்கள் போலிச் சீட்டால் படுத்துவிட்டனவாம். "நம்மளப் பாத்துதான் கத்துக்கிட்டாங்க போல," என்றார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அடுத்த சைக்கிள் வாங்க அவருக்கு இரண்டு வருடம் ஆனது. அதுவரை தினம் நடந்துதான் வேலைக்கு வந்தார்.

என் மகள் இப்போது நல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் வகுப்பில் முப்பத்தாறு பிள்ளைகள். நாற்பத்தொன்றாவது வில்லை இதை எழுதும் காகிதம் பறக்காமல் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதை நான் உடைக்கவுமில்லை, மாற்றவுமில்லை. கொப்புளம் இருக்கிற இடத்தில் என் கட்டைவிரலும் ஒரு நொடி நிற்கிறது.