தொண்ணூற்றெட்டு நார்மல்

அது வியாழக்கிழமையா வெள்ளிக்கிழமையா என்று இப்போது உறுதியாகச் சொல்ல நினைவு இடம் தரவில்லை. ஆனால் உலக விஞ்ஞானம் அன்றைக்குத் திண்டிவனத்தில், மல்லாட்டை விவசாயிகள் நலக் கழகத்தின் முன்னறையில், ஒரு பெரும் பாய்ச்சல் பாய்ந்தது என்பதில் எள்ளளவும் ஐயமில்லை.

அதை நேரில் காணும் பேறு கிளியனூர் அம்சவள்ளிக்கு வாய்த்தது. அவளுடைய மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலைப் பயிர், மழையில் அழுகிவிட்டது. நிவாரணத்துக்குக் கணினியில் பதிய அன்றுதான் கடைசி நாள். கழகத்திலிருந்த ஒரே கணினியோ சூடு தாங்காமல் ஒரு வாரமாகப் படுத்துக் கிடந்தது. அதன் மூளையான பிராசசருக்குச் சூடு தணிக்கும் புதுக் கூலர் மாட்ட விழுப்புரத்திலிருந்து மெக்கானிக் சவுரிராயன் வரவழைக்கப்பட்டிருந்தார்.

கூலரின் அடியில், பிராசசரைத் தொடும் இடத்தில், மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. 'மாட்டுமுன் உரிக்கவும்' என்று அதில் சிவப்பாக அச்சடித்திருந்தது. சவுரிராயன் முனையை நகத்தால் நெம்பினார்.

"யோவ், கைய எடு!" என்று பாய்ந்தார் மேலாளர் சீனுவாசன்.

அவர் பொதுச்சொத்தின் காவலர். அவர் பொறுப்பேற்ற பிறகு அந்த அலுவலகத்தில் எந்தப் பொருளின் உறையும் உரிக்கப்பட்டதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் வழுக்கித் தரைக்கு வந்தார்கள். சுவர்க்கடிகாரம் உறைக்குள் மங்கலாக ஓடியது. மணி தெரியாததால் யாரும் தாமதமாக வந்ததாகச் சரித்திரமே இல்லை.

"உரிக்கச் சொல்லிப் போட்டுக்கீறான் சார். இல்லன்னா சூடு எறங்காது."

"போடுவான்யா. உரிச்சா தேயும், தேய்ஞ்சா இன்னொண்ணு வாங்குவோம். கம்பெனிக்காரன் சூழ்ச்சி! அப்படியே மாட்டு."

மாட்டியாயிற்று. அடுத்து, வெப்பம் காட்டும் மென்பொருளைப் போட்டு 'வெப்பநிலை ஆய்வு'. அது முடியும்வரை மனு எதையும் பதியக் கூடாது என்பது உத்தரவு. திரையில் எண் ஏறியது. எழுபது. எண்பத்தைந்து. தொண்ணூற்றெட்டு.

"பேஜாரு சார், தொண்ணூத்தெட்டு!" என்றார் சவுரிராயன்.

சீனுவாசன் முகம் மலர்ந்தது. "நார்மல்யா! எம் பேரனுக்கு நேத்து டாக்டரு அதானே சொன்னாரு?"

எண் நூறைத் தொட்டது.

"இப்பதான் லேசா காய்ச்சல்."

"சார், ஈரத்துணி போட்டுப் பாக்கட்டுமா?" என்றாள் அம்சவள்ளி. "ஜல்தியா பதிஞ்சிட்டு நான் போய்க்கினே இருப்பேன்."

யோசனை ஏற்கப்பட்டது. முந்தானையை நனைத்துப் கணினிப் பெட்டியின் தலையில் போட்டாள். கணினி அணைந்தது.

உடனே 'அவசர ஆலோசனைக் கூட்டம்' கூடியது. போண்டா வந்தது. வெப்பம் காட்டும் மென்பொருளைப் போடும்வரை எவ்வளவு சூடு என்று யாருக்குமே தெரியாமல் நிம்மதியாக இருந்ததால், பீதிக்குக் காரணம் மென்பொருளே என்று ஒருமனதாக முடிவாயிற்று. சவுரிராயன் கணினியை மறுபடி உயிர்ப்பித்து அதை நீக்கினார்.

"இப்ப எவ்ளோ காட்டுது?"

"ஒண்ணும் காட்டல சார்."

"அதான்யா வேணும்!"

அனைவரும் கைதட்டினார்கள். மனு கொடுக்க வந்தவள் என்பதையும் மறந்து அம்சவள்ளியும் தட்டினாள்.

கணினியில் பதிகிற புனிதா வேகமாகத் தட்டத் தொடங்கினாள். "அக்கா, பேரு போட்டாச்சு. ஊரு போட்டாச்சு. சர்வே நம்பர் சொல்லுங்க."

சொல்லி முடிப்பதற்குள் திரை கறுத்தது. கருகல் வாடை வந்தது.

"பாப்பா, பதிஞ்சிடுச்சா?"

"இல்லக்கா."

அம்சவள்ளி எழுந்து பெட்டியின் மேல் பாய்ந்தாள். "அந்தப் பாழாப்போன பிளாஸ்டிக்க நானே உரிச்சிக்கிறேன், வுடுங்க!"

"தொடாதம்மா," என்றார் சீனுவாசன் கனிவாக. "கேஸ் ஆயிடும்."

பிறகு சீனுவாசன் பதவி உயர்வு பெற்று விழுப்புரம் போனார். சவுரிராயனுக்குக் கழகத்தின் எல்லாக் கிளைகளிலும் கூலர் மாட்டும் வேலை கிடைத்தது. கணினி கடைசியாக அணைந்தது புனிதாவின் கையில் என்பதால் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அம்சவள்ளி வானூர் பக்கம் சித்தாள் வேலைக்குப் போகிறாள். ஒரு மனுகூடப் பதிவாகாததால், சேதம் ஏதுமில்லை என்று மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. கழகத்தின் கணக்குப்படி, அவள் கொல்லையில் மல்லாட்டை இன்றைக்கும் பச்சைப்பசேலென்று நிற்கிறது.