கிணத்தடியாரின் கண்ணாடிக் கந்தோர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அடுத்தவன் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தே பெரிய மனிசனான ஒரே சட்டத்தரணி எங்கள் கிணத்தடியார்தான். பொறாமையில் சொல்கிறேன் என்று நினைக்காதேயுங்கோ. சரி, பொறாமையில்தான் சொல்கிறேன்.

கோட்டடிக்கு, அதுதான் நீதிமன்றத்துக்கு, பக்கத்தில் ஒரே கட்டடத்தில், ஒரே கிழமையில் சட்டத் தொழில் தொடங்கியவர்கள் நாங்கள். எனக்கு ஓர் அறை, அவருக்கு ஓர் அறை. என்னுடைய அறையில் மின்விசிறி இருந்தது, அவருக்கு அதுவும் இல்லை. இண்டைக்கு அவருக்குக் கண்ணாடி போட்ட மேல்மாடியில் கந்தோர், கொழும்பில் கிளைக் கந்தோர், கழுத்துப்பட்டி கட்டின சட்டத்தரணிகள் ஒரு பட்டாளம். எனக்கு அதே மின்விசிறிதான்.

அவருடைய வித்தை இதுதான். ஒரு காணிக்கு உறுதிப் பத்திரம் எழுத முதல் அந்த நிலத்துக்கே போவார். கிணற்றில் ஒரு வாளி அள்ளிக் குடிப்பார், முகம் கழுவுவார், காலும் கழுவுவார். பிறகு வேலியைப் பார்த்தபடி காத்து நிற்பார். எங்கடை ஊரில் சகோதரங்கள் காணியைப் பிரித்தாலும் கிணறு பொதுவாய்த்தானே கிடக்கும்? பங்குக்காரர் ஆரும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து ஏசாமல் விடமாட்டினம். ஏசினவருக்குப் பங்கு இருக்கு, அவ்வளவுதான்.

“உறுதி பொய் சொல்லும், ஐசே. வேலிக்குப் பின்னாலை நிண்டு ஏசுற மனிசி பொய் சொல்லாது” என்பார்.

உவருக்கு விசர், முழுப் பைத்தியம் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கொழும்புக் கம்பனி ஒன்று, வாழைப்பழம் பதப்படுத்த நீர்வேலியில் காணி வாங்க வந்தது. கோட்டுப் போட்ட அவர்களுடைய சட்டத்தரணிகள் எல்லாம் சரியென்று விட்டார்கள். உள்ளூரில் உறுதி எழுதக் கூப்பிட்ட கிணத்தடியார் மட்டும் வாளியை இறக்கினார். கால் கழுவி முடியவில்லை, முற்றம் கூட்டின தும்புத்தடியோடு ஒரு மனிசி ஓடி வந்தா.

“ஆரடா அது, எங்கடை கிணத்திலை காலைக் கழுவுறவன்? கனடாவிலை இருக்கிற என்ரை தம்பிமாருக்கும் இதிலை பங்கிருக்கு, தெரியுமோ?”

“அக்கா, இன்னும் கொஞ்சம் பலமா ஏசுங்கோ. கொழும்பு ஆக்களுக்குக் கேக்கேல்லை.”

பங்குக்காரர் எல்லாரும் கையெழுத்து வைக்காத காணியை வாங்காமல் கம்பனி தப்பியது. தன்னுடைய ஒப்பந்தம், வழக்கு எல்லாவற்றையும் அவரிடமே கொண்டுவந்து கொட்டியது. அதைப் பார்த்து வேறு கம்பனிகள் வந்தன, பிறகு வங்கிகள் வந்தன. பக்கத்து அறைகள் அவருக்குப் போயின, மேல்மாடியும் போனது. இப்பவும் அங்கே சேரும் பிள்ளைகள் முதல் நாளே கழுத்துப்பட்டியோடு வாளி இழுக்க வேணும். கடவுளே, எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

போன மாதம் மனிசன் முழுக் கட்டடத்தையும் வாங்கிவிட்டார். என்ரை அறை இருக்கிற இடத்தில் லிஃப்ட் வரப்போகுதாம். இந்த வயதில் நான் எங்கே போய்ப் பெயர்ப்பலகை மாட்டுகிறது? ஏச வேண்டியதை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு படியேறினேன். அவர் இல்லை. வரைபடத்தை விரித்தபடி பொறியியலாளர்தான் இருந்தார்.

“லிஃப்ட் இப்ப வெளிப்பக்கத்தாலை போகுது ஐயா. செலவு கூடும் எண்டு சொல்லிப் பார்த்தன், சேர் கேக்கிறாரில்லை.”

“ஏனாம்?”

“‘அந்த அறையைத் தொடாதையும். காலமை வரேக்கை அந்த மனிசன் யன்னலாலை என்னை முறைச்சுப் பாக்காட்டி எனக்கு வேலை ஓடாது’ எண்டு சொல்லிப்போட்டார்.”

அடுத்த நாள் காலமை அவர் வந்து இறங்கினார். முறைக்கத்தான் யன்னலடிக்குப் போனேன். கண் நிறைந்து, ஆளே சரியாகத் தெரியவில்லை.