நீல மாப்பிள்ளை

தனியாக இருப்பவனின் கம்ப்யூட்டர் கெட்டுப்போனால், கோளாறு திரையிலா கண்ணிலா என்று சொல்ல ஆள் இருக்காது. எனக்கும் இல்லை.

மூணாறு கடைத்தெரு மாடியில் ஓர் அறை எடுத்து, நானும் நண்பன் செல்வமும் கல்யாண ஆல்பம் செய்து வந்தோம். படம் எடுத்து, கம்ப்யூட்டரில் நிறம் சரிசெய்வது நான். பக்கத்தில் உட்கார்ந்து, “மூஞ்சி செவக்குதுடா, கொறை” என்று குற்றம் சொல்வது அவன். கல்யாணமாகி அவன் கோயம்புத்தூர் போனபின் குற்றம் சொல்லவும் நாதியில்லை. முதலில் தினமும் போனில் பேசினோம். பிறகு, அவனே கூப்பிடட்டும் என்று நான் இருந்துவிட்டேன். (அவனும் அப்படியே இருந்திருக்கிறான்.) அந்த மழைக்காலத்தில் நான் வாய்விட்டுப் பேசியது சாயாக் கடையில் மட்டும்தான். அதுவும், “ஒண்ணு, சர்க்கரை கம்மி.”

அப்போதுதான் கம்ப்யூட்டர் தன்னை அப்டேட் செய்துகொண்டது. சாயங்காலம் ஒரு எஸ்டேட் கல்யாணப் படங்களைத் திறந்தேன். மாப்பிள்ளைக்கு மஞ்சள் காமாலை. பெண்ணுக்கும் காமாலை. பின்னால் நின்ற வாழைமரம்கூடத் தப்பவில்லை.

கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன். மானிட்டர் பொத்தான்களையெல்லாம் அமுக்கினேன். திரையின் நிறத்தைச் சரிபார்க்கும் கலர் காலிப்ரேஷனைத் தேடிப் பிடித்து, அது காட்டிய சாம்பல் கட்டங்களைக் கண்ணில் நீர் வரும்வரை முறைத்தேன். காமாலை இறங்கவில்லை. மறுநாள் மானிட்டரைப் போர்வையில் சுற்றி அணைத்தபடி கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே வேறு கம்ப்யூட்டரில் மாட்டியதும் வெள்ளை வெளேரென்று சிரித்தது, துரோகி.

“மானிட்டருக்கு ஒரு கொழப்பமும் இல்ல சேட்டா. கண்ணு டாக்டரெ காணிக்கூ” என்று என் கண்ணைக் காட்டச் சொன்னார் மலையாளிக் கடைக்காரர்.

செல்வத்தைக் கேட்கலாமென்று போனை எடுத்தேன். ‘நான் இல்லாம ஒரு ஆல்பம் முடியல பாத்தியா’ என்பானே என்று வைத்துவிட்டேன். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்திலும் மஞ்சள் மறையும்வரை நீலத்தை ஏற்றி அச்சுக்கு அனுப்பினேன்.

ஆல்பம் வந்ததும், பிரித்துக்கூடப் பார்க்காமல் ஜீப் ஏறி எஸ்டேட்டுக்குப் போனேன். சொந்தபந்தமெல்லாம் சுற்றி உட்கார, மணப்பெண் முதல் பக்கத்தைத் திறந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“எம் மவன கருப்புன்னு சொல்லியிருக்காக தம்பி. நீலம்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல.”

வீடே வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். திரும்பும்போது ஜீப்பில் அழுகை வந்தது. இருட்டியபின் அறைக்குள் நுழைந்ததும் செல்வத்தைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

“டேய், அப்டேட்ல நைட் லைட் ஆன் ஆயிருக்கும்டா. சாயங்காலமானா திரை தானா மஞ்சளாயிரும். அத அணை.”

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

“நீ மொதல்லயே போன் பண்ணியாடா?”

போனைக் காதில் வைத்தபடியே நைட் லைட்டை அணைத்தேன். திரையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நொடியில் நீலமானார்கள்.

வேறு ஆல்பம் அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் அந்த வீட்டில் மாப்பிள்ளை இன்றுவரை ‘நீல மாப்பிள்ளை’தான். அடுத்த வருஷம் அவர் அம்மாவிடமிருந்து போன் வந்தது.

“பேரன் பொறந்திருக்கான் தம்பி. நல்ல நெறமா இருக்கான், கெடுத்துராதீக. கேமராவ வீட்லயே வச்சிட்டு, நீங்க மட்டும் சாப்பிட வாங்க.”

விசேஷ வீட்டுக்குக் கேமரா இல்லாமல் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் போய் நின்றேன். குழந்தையைத் தூக்கிக் கொடுத்தார்கள்.