படியேறி வந்த அதிகாரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் நினைத்தேன். காலில் கட்டோடு படுத்திருக்கும் உங்கள் மாமியார் அடுத்த அறையிலிருந்து, "இருக்கிறத எழுதுங்க" என்கிறாள். ஆகவே நலத்தில் பாதி.

போன மாதம் எங்கள் கட்டடத்து லிப்ட் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கியது. இறங்கியது என்பது மரியாதைக்கு, விழுந்தது. உள்ளே உங்கள் மாமியார், ஒரு பை காய்கறி, சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் நீங்கள் வேலை பார்க்கும் லிப்ட் பாதுகாப்பு வாரியத்தின் சான்றிதழ். மூன்றில் சேதமில்லாமல் வந்தது சான்றிதழ் மட்டும்தான். மறுநாளே எண்ணெய் விட்டு மறுபடி ஓட்டிவிட்டார்கள். கட்டடத்துக்காரரிடம் கேட்டால் சான்றிதழைக் காட்டுகிறார். வாரியத்துக்கு எழுதினேன். லிப்ட் பாதுகாப்பானது எனச் சான்றளிக்கப்பட்டிருப்பதால் தாங்கள் கூறும் விபத்து நடந்திருக்க வாய்ப்பில்லை என்று பதில் வந்தது. உரக்கப் படித்தேன். "அப்போ கட்டப் பிரிச்சிடலாமா?" என்று கேட்டாள் உங்கள் மாமியார்.

விடவில்லை, மறுபடி எழுதினேன். ஒரு அதிகாரி வந்தார். கீழே நின்று பொத்தானை அமுக்கினார், கதவு திறந்தது, மூடியது, திருப்தி என்று எழுதிக்கொண்டார். பிறகு என் கையெழுத்து வாங்க ஐந்து மாடியும் படியேறி, நாக்குத் தள்ள வந்து நின்றார். தண்ணீர் கொடுத்துவிட்டு, லிப்டில் வந்திருக்கலாமே என்றேன்.

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க சார்" என்றார்.

நீங்களும்தான் விபத்துக்கு முந்தின மாதம் வந்தபோது படியேறினீர்கள், லிப்டில்தான் வருவேன் என்று அழுத பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு. உடம்புக்கு நல்லது மாமா என்றீர்கள், ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். இந்த ஆளுக்கு என்ன கேடு? வரும் வியாழக்கிழமை முதல் காலுக்குப் பயிற்சி கொடுக்க உங்கள் மாமியாரை மருத்துவமனைக்குக் கூட்டி வரச் சொல்கிறார் டாக்டர். லிப்ட் உடைத்த காலைக் காட்ட அதே லிப்டில்தான் போயாக வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவன் எவனாக இருந்தாலும் நிற்க வைத்து நாலு கேள்வி கேளுங்கள்.

மகளுக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசிகள். உங்களுக்குப் பதவி உயர்வு கிடைக்க மாமியார் படுத்தபடியே வேண்டிக்கொள்கிறாள்.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டவன் யாரென்று எழுதிவிடலாம் என்று காவலாளியை விட்டுச் சான்றிதழைச் சட்டத்தோடு கழற்றிக் கொண்டுவரச் சொன்னேன். மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தேன். கல்யாணப் பதிவேட்டில் என் மகளின் கையெழுத்துக்குப் பக்கத்தில் பார்த்த அதே கையெழுத்து. புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மகளிடமும் மாமியாரிடமும் சொல்லவில்லை. "நம்ம மாப்பிள்ள ஆபீஸ் பாத்த லிப்ட்தானே, அதுலயே போகலாம்" என்று கிளம்பத் தயாராக இருக்கிறாள் இவள். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்துவிடுங்கள். பேரனைத் தூக்கி வந்த அதே தோளில் இவளையும் கீழே இறக்கிவிடுங்கள்.