காதைப் பார்த்துக் கண்ணைச் சொன்னவர்

மனிதகுலத்தின் அறியாமையை அகற்ற, 1966-இல், பம்பாய் மாட்டுங்காவில் ஜம்புவும் ஒரு டேபிள் ஃபேனும் போதுமானதாக இருந்தன. வாசலில் 'பரம்பரைப் பிணைப்பு ஆய்வுப் பிரிவு' என்று பலகை. குடும்பங்களில் எந்த இரண்டு குணங்கள் சேர்ந்தே இறங்குகின்றன என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவருடைய திருப்பணி. அந்தக் கணக்கில் மதிப்பெண் மூன்றைத் தொட்டால் பிணைப்பு உறுதி. ஆயிரத்தில் ஒன்றுதான் தவறும். ஜம்புவின் புதிய ஆய்வுக்கு நாலரை வந்தது.

தாராவியில் வீடு வீடாகப் போய், "உங்காத்துல யாருக்காவது சிவப்பு, பச்சை வித்தியாசம் தெரியாதோ?" என்று கேட்டிருந்தார்.

"எங்க அண்ணாச்சிக்குத் தெரியாது."

"அவர் காதுச்சோணை, அதான் தோடு போடற இடம், எப்படி?"

"கன்னத்தோட ஒட்டிக் கெடக்கும்."

பதினொரு வீட்டிலும் இதே பதில். காதுச்சோணை ஒட்டியவனுக்கு நிறம் தெரியாது என்பது நிலைநாட்டப்பட்டது. காட்கோபர் சாயப்பட்டறைச் சேட் விஞ்ஞானத்தில் பக்தியுள்ளவர். கண்ணைச் சோதிக்க நேரமாகும். காது தூரத்திலிருந்தே தெரியும். காது ஒட்டியவர்களை அன்றே வேலையிலிருந்து 'விடுவித்தார்'. தளவாய் அவர்களில் ஒருவன்.

அவன் மனைவி பேராச்சி, தாராவியில் ஜம்புவுக்குப் பதில் சொன்னவர்களில் ஒருத்தி, ஆய்வுப் பிரிவுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, அவுக கண்ணு நல்லாத்தான் இருக்கு. நீங்க சேட்டுகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. வீட்டுல அடுப்பு எரியல."

ஜம்பு திகைத்தார். "நான் எப்படிம்மா உனக்கு அண்ணா?"

"பெரிய மனுசர வேற எப்படிக் கூப்பிட?"

"அப்போ, நிறம் தெரியாத அந்த அண்ணாச்சி?"

"மளிகக்கட பூலோகம் அண்ணாச்சியா? எங்க சந்துக்கே அவுகதான அண்ணாச்சி!"

பதினொரு குடும்பத்து மூத்த சகோதரர்களும் ஒரே கல்லாவில் உட்கார்ந்து சீரகம் நிறுத்துக்கொண்டிருந்தது ஜம்புவுக்கு விளங்கியது. ஒரு நிமிடம் அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது. சாதாரண மனிதர் பதறியிருப்பார். ஆனால் கட்டுரை அச்சுக்குப் போயிருந்தது. பதவி உயர்வு அதோடு பிணைந்திருந்தது. இந்தப் பிணைப்பில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"ஆயிரத்துல ஒண்ணு தப்பும்னு நாங்களே எழுதியிருக்கோமேம்மா," என்றார் கனிவாக. "அந்த ஒண்ணு உன் ஆத்துக்காரர்."

"அப்ப அந்த ஒண்ணுக்கு வேலயக் குடுங்க."

"அதுக்கு விஞ்ஞானத்துல வழியில்லே."

பேராச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

மறு ஆண்டு, முறையின் 'நம்பகத்தன்மை' சோதிக்கப்பட்டது. ஜம்புவின் அறிக்கையை எல்லோரும் கைதட்டி ஏற்றார்கள்: வேலையிலிருந்து நீக்கப்பட்ட நாள்முதல், தளவாய் உள்பட ஒருவர்கூடப் பட்டறையில் சாயத்தை மாற்றி ஊற்றவில்லை.